டைனோசர் கட்டாத வீடு

ஓகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். காற்று மருந்துக்கும் இல்லை. காலையில் இவரோடு வட்டுக்கோட்டைக் காணிக்கு. கிணறு பதினாறு அடி போயிருக்கிறது. தண்ணீர் இன்னும் இல்லை, ஆனால் கல் ஈரமாகத் தொடங்கிவிட்டது. வடக்குப் பக்க அத்திவாரம் நிரப்பியாகிவிட்டது. கிணற்றில் உடைக்கிற கல்லையே அதற்குள் போடுகிறார்கள்.

இவர் அத்திவாரத்தின் மேல் ஏறி நின்று காலால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயது மனிதர். கொக்குவிலில் இப்போது இருப்பது கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் மாறிய பதினோராவது வீடு. பாதி இடப்பெயர்வால், பாதி வீட்டுக்காரர்களால். அம்மா எனக்குச் சீதனமாக எழுதிய காணியில் கல் வைக்க இருபத்தாறு வருடம் எடுத்திருக்கிறது.

துரைராசா அண்ணை (கிணறு வெட்டுகிறவர், இனி து.அ.) ஏணியால் ஏறி வந்தார். மற்ற இரண்டு வேலையாட்களையும் தேநீர் குடிக்க அனுப்பினார். பிறகு சாரத்து மடிப்புக்குள் இருந்து ஒன்றை எடுத்தார்.

"ரீச்சர், உதை ஒருக்காப் பாருங்கோ. கல்லுக்கை கிடந்தது. மேலை ஒட்டினதில்லை, கல்லோடை கல்லா. அலவாங்காலை இடிக்கக் கழண்டு வந்தது."

கையகலத் துண்டு. வெள்ளைக் கல்லில் பதிந்த ஏழு கறுப்புப் பட்டிகள். பட்டிக்குப் பட்டி ஒரே இடைவெளி, அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல. ஓரத்தில் ஆறு பக்கமுள்ள சின்ன ஓடுகள், ஒன்றோடொன்று பொருந்தி. பின்பக்கம் சீப்புப் பல் மாதிரி வரிசை. மினுக்கம் வேறு. யாரோ இருந்து பதித்த வேலை.

இவருக்கு முகமே மாறிவிட்டது. "ஆரும் கண்டவையே?"

"இல்லை ஐயா. நாங்கள் மூண்டு பேருந்தான்."

"அப்ப இண்டைக்கு வேலை காணும். நான் சொல்லுமட்டும் கிணத்துக்கை இறங்க வேண்டாம்."

காரணத்தையும் எழுதிவைக்கிறேன். நிலத்துக்குள் பழைய பொருள் வந்தால் காணிக்குள் தொல்பொருள் திணைக்களத்து ஆட்கள் வருவார்கள், தடைப் பலகை நடுவார்கள். பிறகு அது எந்தக் காலத்தது, யாருடைய முன்னோர் செய்தது என்று வழக்கு நடக்கும், வீடு நடக்காது. உண்மையோ பொய்யோ, எங்கள் பக்கத்தில் இந்தப் பயம் இல்லாமல் ஒருவரும் மண்வெட்டி தூக்குவதில்லை.

வரும் வழியில் இவருக்குச் சொன்னேன்: எங்கள் சுண்ணாம்புக் கல் மனிதர் வருவதற்கு முந்தினது.

துண்டைச் சேலைத் துணியில் சுற்றிச் சாமியறையில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். அலுமாரிப் பூட்டு பழுது. நல்லூர்த் திருவிழாக் காலம், வீடு முழுக்கக் கழுவித் துடைத்துக் கிடக்கிறது, இனி அந்த அறையை யாரும் கிண்ட மாட்டார்கள்.

வாங்க: நல்லெண்ணெய், கற்பூரம், இவருக்கு வாயுக் குளிசை.

ஓகஸ்ட் 13, புதன்

காலைத் தேநீரோடு விசாரணை. இவர் கந்தோர் வேலைக்கு உடுத்திக்கொண்டு வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"மனிசர் வாறதுக்கு முந்தின கல்லெண்டு நீர்தானே நேற்றுச் சொன்னனீர்?"

"ஓம்."

"கல்லுக்குள்ளை இருந்து வந்ததெண்டால் அதுவும் மனிசருக்கு முந்தினது."

"ஓம்."

"அப்ப உதை ஆர் செய்தது?"

நான் பாத்திரம் கழுவப் போனேன். பின்னாலேயே வந்தார்.

"டைனோசருக்குக் கை இருந்ததுதானே?"

சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. நேற்று இரண்டு தரம்தான் சாப்பிட்டவர், இப்படி ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறார். "டைனோசர் செய்ததெண்டால் ஒருத்தரும் உரிமை கொண்டாட ஏலாது. நாங்களும் இல்லை, மற்றவையும் இல்லை. ஆரின்ரை முன்னோரும் இல்லை. பலகை நட ஆருக்கும் அலுவல் இல்லை."

"டைனோசர் வீடு கட்டினதெண்டு தெரிஞ்சால் உலகமே உங்கடை கிணத்தடிக்கு வருமெல்லே?"

"வரட்டும். பாத்திட்டுப் போகட்டும். காணியைக் கேக்க மாட்டினம்."

இவர் போனபிறகு, நேரம் மிச்சமாக இருந்தது, இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். இருபத்துநாலு வருடம் உயர்தர உயிரியல் படிப்பித்தவளிடம் இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் ஒழுங்காகக் கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் அறிவுள்ள உயிர் வந்திருக்கலாம்:
– காலம். பதினாறு கோடி வருடத்துக்கு மேல் ஆண்டவை. நாங்கள் வந்து மூன்று லட்சம் வருடம்தான் இருக்கும்.
– இரண்டு காலில் ஓடிய சின்ன வகைகள். முன்கை சும்மா இருந்தது. பிடிக்கும் விரல். முன்னோக்கிய கண்.
– அவற்றின் வழியில் வந்ததுதான் பறவை. காகத்துக்குப் புத்தி இல்லை என்று சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

வரவில்லை:
– மண்டையோட்டில் மூளைக்கிருந்த இடம். மிகக் கெட்டிக்கார வகைக்கும் தீக்கோழி மட்டத்தில்தான்.
– ஒரு கல்லாயுதம் இல்லை. வெட்டுக்காயம் பட்ட ஓர் எலும்பு இல்லை. அடுப்புச் சாம்பல் இல்லை.
– நகரம் கட்டும் அளவுக்கு வந்திருந்தால் நிலக்கரியும் இரும்பும் எங்களுக்கு நிலத்தின் மேல்மட்டத்தில் கிடைத்திராது. எடுத்து முடித்திருப்பார்கள்.

ஆனால் கோடிக்கணக்கான வருடத்தில் நிலமே மடிந்து உள்ளே போய்விடும். கொஞ்சப் பேர், ஒரு கரையோரம், ஓலைக் குடிசை என்றால் என்ன மிஞ்சும்? ஆகவே 'இல்லவே இல்லை' என்று சத்தியம் பண்ண ஏலாது. 'இருந்தது' என்று சொல்லவும் உலகத்தில் எவரிடமும் ஒரு துண்டு சாட்சி கிடையாது.

என் சாமியறையில் இருப்பதைத் தவிர.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் துண்டு இருக்கிறதா என்று பார்த்து வந்தேன். பயத்தால் மட்டும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஓகஸ்ட் 14, வியாழன்

பள்ளி விடுமுறை, ஆனாலும் உ.த. பிள்ளைகளுக்கு வகுப்பு. வெக்கை. மின்விசிறி இரண்டில் ஒன்று வேலை செய்யவில்லை.

காலை குசினிக்குள் காகம். அரைகுறையாக மூடிய பிஸ்கட் பேணி. மூடியின் விளிம்பில் அலகைக் கொடுத்து நெம்பி, விழுந்த மூடியை ஒரு பார்வை பார்த்து, இரண்டு பிஸ்கட்டோடு போனது. மூன்றாவதுக்கும் வந்தது. விரட்டவில்லை. இந்த வாரம் அந்தக் குலத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

பொது அறிவுக் கேள்விபோல வகுப்பில் போட்டுப் பார்த்தேன்: டைனோசர் காலத்தில் அறிவுள்ள உயிர் தோன்றியிருக்கலாமா? முன்வாங்குக்காரர்கள் மூளை, உடல் நிறை, வெப்பநிலை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பின்வாங்கில் இருந்து சுகன்யா, வழக்கமாகக் கதைக்காத பிள்ளை:

"ரீச்சர், அதுகள் புத்தியெண்டால் ஏன் எங்களைப்போலை கட்டோணும்? கட்டாமல் இருந்ததுதான் புத்தியோ தெரியாது."

வகுப்பு சிரித்தது. நான் சிரித்து முடித்துவிட்டு யோசித்தேன். கட்டினால்தான் அறிவு என்று யார் சொன்னது? நாங்கள். கட்டுகிறவர்கள்.

து.அ. தொலைபேசியில்: "ரீச்சர், வேலை எப்ப? மழைக்கு முந்தி ஊற்றைப் பிடிக்கோணும்." இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். அவருக்கு வேறு கிணறு காத்திருக்கிறது, எங்களுக்காக நிற்கிறார். வெட்கமாக இருந்தது.

இவர் கந்தோரில் இருந்து வந்ததும் முதல் கேள்வி, "என்னவாம் டைனோசர்?" ஏதோ கல்யாணப் பேச்சுக்குப் பதில் கேட்பதுபோல.

ஓகஸ்ட் 15, வெள்ளி

மப்பு. மழை இல்லை.

எல்லாம் கெட்டது. பள்ளி நூலகத்தில் இலங்கை நிலவமைப்பு பற்றிய பழைய புத்தகம். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதை நாலாம் நாள் பார்த்தேன். எங்கள் சுண்ணாம்புக் கல் கடலுக்கடியில் படிந்தது, வயது சுமார் இரண்டு கோடி வருடம். டைனோசர் ஒழிந்தது ஆறரைக் கோடி வருடத்துக்கு முன். அதாவது கடைசி டைனோசர் செத்து நாலரைக் கோடி வருடம் கழித்துத்தான் வட்டுக்கோட்டைக்குக் கல் வந்திருக்கிறது. படிப்பிக்கிறவளுக்கு 'பழையது' என்றால் எல்லாம் ஒரே பெட்டிக்குள். நல்லாயிருக்கு.

டைனோசரும் இல்லை. இரண்டு கோடி வருடத்துக்கு முன் கடலடியில் ஓடு பதித்துக்கொண்டிருக்க வேறு யாரும் இல்லை. அப்படியென்றால் மிச்சம் ஒன்றுதான். கல்லில் வெடிப்பு இருந்திருக்கும், மனிதர் செய்த பொருள் அதற்குள் விழுந்திருக்கும், மேலே சுண்ணாம்பு ஊறி இறுகியிருக்கும். மனிதர் செய்தது. அப்போ யாருடைய முன்னோர் என்ற கேள்வி வரும். பலகை வரும்.

பின்னேரம் இவரிடம் சொன்னேன்.

"சுத்தியலாலை ஒரு போடு. தூளாக்கிப்போட்டு வேலையைத் தொடங்குவம்."

"உடைக்க விடமாட்டன்."

"பதினொரு வீடு," என்றார். குரலை உயர்த்தவில்லை. "ஒவ்வொரு வீட்டிலையும் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் அடிச்சனான். உமக்கு ஒரு கல்லுத்துண்டு பெரிசாப் போச்சு."

அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. ஆனால் இத்தனை வருடம், கண்டதை எழுது, காண விரும்பினதை எழுதாதே என்று பிள்ளைகளின் செய்முறைக் கொப்பிகளில் சிவப்பு மையால் எழுதிவிட்டு, கண்டதைச் சுத்தியலால் அடிக்க என்னால் ஏலாது. அதைப் படத்துக்குப் பின்னால் ஒளித்ததே பெரிய கேவலம்.

சொல்லிவிட்டேன்: திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது. பலகை நட்டால் நடட்டும். இவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். புட்டு அப்படியே ஆறிக் கிடந்தது. நானும் சாப்பிடவில்லை. பிறகு விறாந்தை வாங்கில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காகத்தான் அழுதேன், விஞ்ஞானத்துக்காக இல்லை.

ஓகஸ்ட் 16, சனி

எப்படி எழுதுவது. ஒழுங்காக எழுதுகிறேன்.

விடிய வகுப்பு. திங்கள் கொடுக்குமுன் படம் கீறி அளவெடுத்து வைப்போம் என்று துண்டைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். வகுப்பு முடிய ஆய்வுகூடத்தில் இருந்து அடிமட்டம், வில்லை, பென்சில். ஏழு பட்டி. ஒவ்வொன்றின் நீளமும் நாலு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைய. நாலாவது பட்டியைக் கீறும்போது வதனி வந்தாள்.

வதனி ஆய்வுகூட உதவியாளர். என் வயதுதான். பருத்தித்துறைப் பக்கம், அப்பாவும் அண்ணன்மாரும் கடற்தொழில். ஆறு வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். என் பெட்டியில் மரக்கறி, அவளுடையதில் மீன். நான் கொஞ்சம் தள்ளி இருப்பேன், அவள் கண்டும் காணாதவள்போல் இருப்பாள்.

தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ரீச்சர், திருவிழாக் காலத்திலை உதை ஏன் கையாலை தொட்டனீங்கள்? நீங்கள் சைவமெல்லே?"

"எதை?"

"உது திருக்கையின்ரை வாயெல்லே."

நான் பென்சிலை வைத்துவிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து துண்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"பல்லு ரீச்சர். இந்தச் சாதித் திருக்கைக்கு எங்களைப்போலை தனித்தனிப் பல்லு இல்லை. இப்பிடிப் பலகையாத்தான் இருக்கும். மேலொண்டு, கீழொண்டு. நடுவிலை சிப்பியை வைச்சு நொறுக்கும். உங்கடையது கல்லாப் போச்சுது, அவ்வளவுதான்."

"வடிவாத் தெரியுமோ வதனி?"

"எத்தினை திருக்கை வெட்டியிருப்பன். எங்கடை வீட்டிலை காய்ஞ்சது ஒண்டு கிடக்கு. நாளைக்கு நல்லூருக்கு வாறன்தானே, கொண்டு வாறன்."

கடலடியில் படிந்த கல். அதற்குள் கடல் மீன். இதைவிட நேரான கணக்கு உண்டா? இருபத்துநாலு வருடம் சுறாவுக்கும் திருக்கைக்கும் பலகையில் படம் கீறி, செவுள் எத்தனை, வால் எப்படி என்று படிப்பித்தேன். வாயைத் திறந்து பார்த்ததில்லை. வீட்டில் மீன் வந்ததில்லை, சந்தையில் மீன் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கத்தால் போவேன். எங்கள் ஆட்கள் யாரிடம் காட்டியிருந்தாலும் ஓட்டு வேலை என்றுதான் சொல்லியிருப்பார்கள். மீன் தின்கிற எந்த வீட்டிலும் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

வதனியைக் கட்டிப்பிடித்தேன். பாவம், பயந்துபோனாள்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

வெயில். நல்ல காற்று.

பத்து மணிக்கு வதனி, தலை நிறையப் பூவோடு. கைப்பையில் கடதாசியில் சுற்றிய காய்ந்த பலகை, வெள்ளையாக. சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். பட்டி, பட்டி. ஓரத்து ஓடு, ஓரத்து ஓடு. பின்பக்கச் சீப்பு, பின்பக்கச் சீப்பு. எங்களுடையது கொஞ்சம் பெரிய திருக்கை.

இவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"மீன்," என்றார்.

"ஓம் ஐயா, மீன்."

"மனிசர் செய்யேல்லை."

"தின்னிறது மட்டுந்தான் மனிசர்."

இவர் வாங்கில் உட்கார்ந்தார். ஐந்து நாளுக்குப் பிறகு வாயில் சிரிப்பு. பிறகு சட்டென்று, "இஞ்சேரும், உதை எங்கை வைச்சிருந்தனீர்?"

சொன்னேன். முருகனுக்குப் பின்னால், திருவிழாக் காலத்தில், நாலு நாள். வதனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் மஞ்சள் தண்ணீர் எடுத்துவரக் குசினிக்குப் போனார். இரண்டு கோடி வருடத்துக்கு முன் செத்த மீனுக்கும் துடக்கு உண்டா என்று கேட்டேன். "எதுக்கும் தெளிச்சு விடுவம்," என்றார். தெளித்தார். மேசைக்கும் தெளித்தார், எனக்கும் இரண்டு சொட்டு.

வதனியைச் சாப்பிட வைத்து அனுப்பினேன். இந்த முறை தள்ளி இருக்கவில்லை. மரக்கறிதானே என்று சொல்லலாம். அதற்காக இல்லை.

இவர் மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நித்திரை. குறட்டை விறாந்தை வரை கேட்கிறது. ஐந்து நாளாகக் கேட்காத சத்தம். நிம்மதி. வேறு சொல் தேடத் தேவையில்லை, நெஞ்சுக்குள் இருந்து ஒரு மூட்டை இறங்கினது மாதிரி.

ஒரு சின்ன ஏமாற்றமும் உண்டு, மறைக்கவில்லை. புதன்கிழமை அரை மணித்தியாலம் உலகத்தில் எனக்கு மட்டும் ஒரு விடயம் தெரிந்திருந்தது. அது பொய். ஆனாலும் அந்த அரை மணித்தியாலம் நல்லாயிருந்தது. கேள்வி அப்படியேதான் இருக்கிறது: வந்திருக்கலாம், வந்ததற்குச் சாட்சி இல்லை. என் வீட்டுக்காக அவசரப்பட்டு அதுகளுக்கு மூளை கொடுக்கப் பார்த்தேன். பதினாறு கோடி வருடம் ஒரு வேலியும் அடைக்காமல் வாழ்ந்துவிட்டுப் போன சீவன்களை இனி இந்த வழக்குக்குள் இழுக்க வேண்டாம்.

துண்டுக்கு லேபல் எழுதினேன்: திருக்கை, வாய்ப் பலகை. கிணறு, பதினாறு அடி. இனங்கண்டவர்: வதனி. பள்ளி ஆய்வுகூடத்துக்கு. பல்கலைக்கழகக்காரருக்கும் காட்டுவேன், ஆனால் இனி அது ஒரு மீனைக் காட்டுவதுதான்.

து.அ.வுக்குச் சொல்லியாகிவிட்டது, நாளை காலை ஏழு மணி.

ஓகஸ்ட் 18, திங்கள்

காலையிலேயே வட்டுக்கோட்டை. இவர் கந்தோருக்கு அரைநாள் விடுப்பு. பதினேழு அடியில் ஊற்றுக்கண். முதலில் பால்போல் கலங்கல், பிறகு தெளிவு. து.அ. ஒரு வாளி மேலே அனுப்பினார். இவர் குடித்துப் பார்த்தார், நான் குடித்துப் பார்த்தேன். உவர் இல்லை. இவர் இன்னொரு முறை குடித்துவிட்டு, மிச்சத்தை அத்திவாரத்தின் மேல் ஊற்றினார். ஏன் என்று கேட்கவில்லை. பிறகு கந்தோருக்குப் போனார்.

நிழலில் து.அ.வுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, மீன் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"ரீச்சர், ஒண்டு சொல்லோணும். கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ அண்ணை."

"உதைப்போலை பன்ரண்டு அடியிலையே வந்தது. அஞ்சாறு. உடைஞ்சதும் உடையாததுமா. வடக்குப் பக்க அத்திவாரத்துக்கை போட்டிட்டன்."

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"சொன்னால் வேலையை நிப்பாட்டிப்போடுவியள். உப்பிடிச் சாமான் கண்ட இடங்களிலை நிப்பாட்டினவை. ஐயா எத்தினை தரம் வந்து அந்த அத்திவாரக் கிடங்கைப் பாத்திட்டுப் போனவர், எனக்கு மனம் கேக்கேல்லை."

அவரும் ஒளித்திருக்கிறார், எனக்கு முதலே, என்னைவிடத் திறமாக. வடக்குப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். சீமெந்து காய்ந்து வெளிறிக் கிடந்தது.

"அப்ப கடைசித் துண்டை மட்டும் ஏன் கொண்டந்து காட்டினனீங்கள்? அதையும் போட்டிருக்கலாமெல்லே?"

து.அ. கிணற்றுக்குள் பார்த்தபடி சொன்னார். "போடத்தான் எடுத்தனான் ரீச்சர். உது நல்ல வடிவாயிருந்தது. போட மனம் வரேல்லை."

இவரிடம் அந்த அஞ்சாறைப் பற்றிச் சொல்லப்போவதில்லை, மீன்தான் என்றாலும் மறுபடி நித்திரை போய்விடும். நாளைக்குச் சுவர் தொடங்குகிறார்கள்.